ஜோ ஜாக்சன் கையெழுத்துப் பந்து: விலைக்கு முன் மையைப் பாருங்கள்

1919-ல் அமெரிக்க பேஸ்பால் வீரர் 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன் கையெழுத்திட்டது என்று வாங்கிய பேஸ்பால் பந்துக்கு என்ன விலை போகும் என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து தடங்கலே இல்லாமல் சரளமாக ஓடுகிறது; அதுதான் இடிக்கிறது. சிறுவயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரைக்கூட படம் வரைவதுபோல் மெதுவாகத்தான் எழுதுவார். பெரும்பாலும் மனைவி கேட்டிதான் அவருக்காகப் போட்டுக் கொடுத்தார். 1921-ல் ஆயுள்தடை வாங்கிய, .356 பேட்டிங் சராசரி கொண்ட அந்த மாபெரும் ஆட்டக்காரர் தன் கையாலேயே போட்டது அவ்வளவு அபூர்வம் என்பதால்தான் விலை எகிறுகிறது.

அப்புறம், மை பால்பாயிண்ட் போலத் தெரிகிறது. அந்தப் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945-ல். அமெரிக்காவின் இரு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பந்து என்றால், அந்த லீக்கின் அன்றைய தலைவர் பான் ஜான்சன் பெயர் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். தயவுசெய்து பந்தைத் துடைக்காதீர்கள்.