இரவல் கதை எழுதுபவள் எழுத்தாளர் இல்லையா?

அன்புள்ள மேடம்,

எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கும்பகோணத்தில் இருக்கிறேன். ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் வேலை. கணவர் நல்லவர். பையன் ப்ளஸ் டூ படிக்கிறான். வீட்டில் பெரிய பிரச்சினை என்று எதுவும் இல்லை. இதையெல்லாம் ஒரு பிரச்சினை என்று உங்களுக்கு எழுதலாமா என்று தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன்.

நான் கதை எழுதுகிறேன். பொன்னியின் செல்வனை வைத்து எழுதுகிறேன். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று சொல்கிறார்களே, அதுதான். மணிமேகலையைக் கல்கி அப்படி முடித்துவிட்டாரே என்ற ஆற்றாமை பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு உண்டு. வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுவதற்குத்தானா அந்தப் பெண்? அதனால் கடம்பூர் மாளிகையில் விளக்கேற்றுகிற ஒரு வேலைக்காரப் பெண்ணை நானாக உண்டாக்கினேன். விளக்குக்காரி என்றுதான் அவளுக்குப் பெயர். அவள் கண் வழியாக மணிமேகலையின் கதையை இணையத்தில் தொடராக எழுதி வருகிறேன். விரும்பிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

என் கணவரின் அண்ணன் கவிஞர். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. போன தை மாதம் ஒரு காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சொந்தமா ஒரு வரி எழுதேன், பார்க்கலாம். இரவல் நகையை எவ்வளவு போட்டுக்கிட்டாலும் இரவல் இரவல்தானே." எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு மோரை வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் ஒரு தோழி, "கல்கி பேரைச் சொல்லிப் பிழைக்கிறே" என்றாள். ஒரு பைசா வாங்கியதில்லை நான். சரித்திர நாவல் போட்டி ஒன்றுக்கு அனுப்பினேன். "கதையும் பாத்திரங்களும் சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விளக்குக்காரி என் சொந்தக் கற்பனை இல்லையா மேடம்? அவள் கல்கியில் எங்கே இருக்கிறாள்?

கம்பர் வால்மீகியிடம் இல்லாத இரணியன் வதைப் படலத்தையே சேர்த்திருக்கிறார். மிதிலையில் ராமனும் சீதையும் கல்யாணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்வதும் கம்பர் வைத்ததுதான். அவரை இரவல் என்று யாராவது சொல்வார்களா? அமுதசுரபி ஆசிரியராக இருந்த விக்கிரமன் பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அதை எங்கள் வீட்டு அலமாரியிலேயே வைத்திருக்கிறார்கள். அவர் எழுதினால் நாவல், நான் எழுதினால் இரவல். இதைக் கணவரின் அண்ணனிடம் சொன்னால் "விக்கிரமனும் நீயும் ஒண்ணா" என்பார்.

எழுதுவதும் இப்போது முன்போல ஓடவில்லை. கொஞ்ச நாளாக அத்தியாயமே போடவில்லை. நடுவில் வேறு ஒரு தொல்லை. கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், என் தொடரை முதலிலிருந்து படித்து வந்தவள், விளக்குக்காரியை எடுத்துக்கொண்டு அவளாக ஒரு கதை ஆரம்பித்துவிட்டாள். மேலே என் பெயரைப் போட்டு நன்றியெல்லாம் சொல்லியிருந்தாள், ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் விளக்குக்காரி மணிமேகலையை விட்டுவிட்டுக் கோடிக்கரைக்குப் போய்ப் பூங்குழலியோடு படகு ஓட்டுகிறாள். என் விளக்குக்காரி அப்படிச் செய்யவே மாட்டாள். "எடுத்துவிடும்மா, சொந்தமாக யாரையாவது உண்டாக்கி எழுது" என்று சொன்னேன். அன்றைக்கே எடுத்துவிட்டாள். அதற்கு முன்னால் விளக்குக்காரியைப் படமாக வரைந்துகூட அனுப்பியிருந்தாள். அந்தப் படம் இன்னும் என் போனில்தான் இருக்கிறது. இப்போது அவள் எதுவும் எழுதுவதில்லை போலிருக்கிறது, என் பக்கமும் வருவதில்லை. அது போகட்டும், நான் சொல்ல வந்தது வேறு.

தீபாவளிக்குக் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். மறுபடி அதே பேச்சு வரும். மறுபடி இரவல் என்பார், மறுபடி எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழுதுவது எழுத்தா, இல்லையா? அவர் வாயை அடைக்கிற மாதிரி நான் என்ன சொல்ல வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கும்பகோணம்.


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் அண்ணனுக்கான பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றாகவும் எழுதியிருக்கிறீர்கள். கம்பரையும் விக்கிரமனையும் சொன்ன பிறகு நான் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. வேண்டுமானால் புதுமைப்பித்தனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1943-இல் அவர் எழுதிய 'சாபவிமோசனம்' கதையில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் ராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ராமாயணத்தில் அப்படி எங்கும் இல்லை. படித்த ஒருவர் மனம் ஆறாமல் எழுதிய கதை அது. மணிமேகலைக்காக உங்களுக்கு வந்த ஆற்றாமையும் அந்த வகைதான்.

கல்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்தியத்தேவர் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவைப் பிராட்டியின் கணவராக வருகிற ஒரு பெயர். ரவிதாஸன், உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களில் ஒருவனாக வருகிற பெயர். பெயருக்கு மேல் அங்கே அதிகம் இல்லை. மீதி முழுவதும் கல்கி. நந்தினியும் பூங்குழலியும் மணிமேகலையும் கல்வெட்டிலேயே கிடையாது. இருந்த ஆட்களுக்கு நடுவே இல்லாத பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தி, அவர்கள் வழியாகவே நம்மை அழவைத்தார். நீங்கள் அவருடைய மாளிகைக்குள் ஒரு விளக்குக்காரியைக் கொண்டுவந்தீர்கள். இருவரும் செய்த வேலை ஒன்றுதான், தரத்தைப் பற்றித் தனியாகப் பேசலாம். சட்டத்திலும் சிக்கல் இல்லை. அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அவர் மறைந்தது 1954-இல், நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான்.

ஆகவே நீங்கள் எழுதுவது எழுத்துதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது, "அது போகட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்ட இடத்துக்கு வருகிறேன். கடிதத்தின் மற்ற பகுதிகளில் வருகிற வருத்தம் பழகிப்போன வருத்தம். காதுகுத்து நடந்தது தை மாதம். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். எழுத்து நின்றது அந்தப் பெண் போன பிறகு. நீங்களே இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்திருக்கிறீர்கள்.

அவளிடம் நீங்கள் சொன்னதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "சொந்தமாக யாரையாவது உண்டாக்கி எழுது." பந்தியில் உங்களுக்குக் கிடைத்த அதே வாக்கியம். கணவரின் அண்ணன் உங்களிடம் சொன்னதை நீங்கள் அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவளுக்கு அது இன்னும் கடுமையாகப் பட்டிருக்கும். அவரை நீங்கள் எழுத்தாளராகப் பெரிதாக மதிப்பதில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அந்தப் பெண் உங்களை மதித்தாள்.

இதில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. அவள் உங்கள் வரிகளை எடுத்துத் தன் வரி என்று போட்டிருந்தால் அது திருட்டு, நானே கோபப்படுவேன். அவள் செய்தது அது இல்லையே. உங்கள் பெயரை மேலே போட்டாள், நன்றி சொன்னாள், வேறு கதை எழுதினாள். முன்கூட்டிக் கேட்டிருக்கலாம் என்பது சரி. கேட்பது நல்ல பழக்கம். ஆனால் நீங்களும் கல்கியைக் கேட்கவில்லை. "என் விளக்குக்காரி அப்படிச் செய்யவே மாட்டாள்" என்கிறீர்கள். மணிமேகலை உயிரோடு இருக்க மாட்டாள் என்று முடிவு செய்தவர் கல்கி. அந்த முடிவை மாற்றிய கை உங்களுடையது.

அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இரத்தக் காட்டேரிகளைப் பாத்திரங்களாக வைத்து நாவல் எழுதிப் பெரும் புகழ் பெற்றவர். 2000-ஆம் ஆண்டு அவர் தம் வாசகர்களுக்கு ஒரு அறிவிப்பு விட்டார். என் பாத்திரங்களை வைத்து யாரும் கதை எழுத வேண்டாம், நினைத்தாலே எனக்குத் தாங்கவில்லை, உங்கள் சொந்தப் பாத்திரங்களை வைத்துச் சொந்தக் கதை எழுதுங்கள் என்பது அதன் சாரம். சட்டப்படி அவருக்கு உரிமை இருந்தது. அந்த வேதனையும் பொய்யில்லை. தன்னை மிகவும் நேசித்தவர்களைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார் என்பதே அதன் துயரம். அவர்களில் பலர் எழுதியதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். நீங்கள் அவர் இடத்தில் நின்று பேசியிருக்கிறீர்கள், அவருடைய வாசகர்களைப் போல வாழ்ந்துகொண்டு.

ஏன் அப்படிப் பேசினீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் பொல்லாதவர் என்பதால் இல்லை. இத்தனை நாளாக உங்களைச் சுற்றியிருப்பவர்கள் சொந்தம், இரவல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை எதிர்த்துக்கொண்டே அதை நம்பவும் செய்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் உங்கள் பேரில் இருந்தது ஒன்றே ஒன்று: விளக்குக்காரி. போட்டிக்காரர்களிடம்கூட அவளைத்தான் காட்டினீர்கள். அவளையும் இன்னொருத்தி எடுத்துக்கொண்டால் உங்களிடம் என்ன மிச்சம் என்ற பயம் வந்திருக்கிறது. கணவரின் அண்ணனை வெல்ல உங்களுக்கு வாதம் கிடைக்காதது பிரச்சினை இல்லை. அவருடைய அளவுகோலை நீங்களே கையில் வைத்திருக்கிறீர்கள். கம்பர், விக்கிரமன், நான் சொன்ன புதுமைப்பித்தன் எல்லாம் உங்களுக்குப் பொருந்தும் என்றால் அந்தப் பெண்ணுக்கும் பொருந்த வேண்டும். அவளுக்குப் பொருந்தாது என்றால் உங்களுக்கும் இல்லை.

அப்புறம், நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று. ஒரு பாத்திரத்தைப் படித்துவிட்டு, இவள் அடுத்து எங்கே போவாள் என்று ஒரு சின்னப் பெண்ணுக்குத் தூக்கம் போயிருக்கிறது. அவள் முகம் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். பொன்னியின் செல்வன் 1950-இல் கல்கி இதழில் தொடங்கியபோது மணியம் வரைந்த முகங்கள்தான் பல வீடுகளில் வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகமாயின. உங்கள் விளக்குக்காரிக்கு முகம் கொடுக்கவும் ஒருத்தி வந்தாள். கவிஞர் அண்ணனுக்குக் கிடைத்திருக்கிறதோ என்னவோ, உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது. நான் எழுதுவது எழுத்தா என்று என்னைக் கேட்கிறீர்கள். அதற்கான பதில் உங்கள் போனில் இருக்கிறது. அதை நீங்கள் அழிக்கவில்லை என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

அவளுக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். காதுகுத்து, போட்டி, உங்கள் மனநிலை என்று விளக்கம் எதுவும் வேண்டாம். விளக்கம் எழுதினால் அவள்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஒரு வரி. அந்தக் கதையைத் திரும்பப் போட்டால் படிப்பேன் என்று ஒரு வரி. படத்தை வைத்திருப்பதையும் சொல்லுங்கள். "அனுமதி தருகிறேன்" என்ற தொனி மட்டும் வரக்கூடாது. அவள் பதில் போடாமலும் இருக்கலாம். அப்படியானால் மறுபடி மறுபடி எழுதித் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஆங்கிலத்தில் ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற பெரிய இணையக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது, 2019-இல் அறிவியல் புனைகதை, மிகுபுனைவு உலகின் ஹ்யூகோ விருது பெற்றது. அங்கே பலர் தங்கள் அறிமுகப் பக்கத்திலேயே, என் கதைகளைத் தொடர்ந்து எழுதலாம், படம் வரையலாம், என் பெயரை மட்டும் சொல்லிவிடுங்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார்கள். வேண்டாம் என்று எழுதுகிறவர்களும் உண்டு, அதையும் மதிக்கிறார்கள். உங்கள் தொடரின் முதல் பக்கத்தில் நீங்களும் ஒன்றை எழுதி வைக்கலாம். என்ன எழுதுவது என்று யோசிக்கும்போதே உங்கள் மனது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்தக் கதை வேண்டும் என்பது அவர்கள் விதி, விதியைத்தான் சொன்னார்கள். அதை அவமானத்தோடு சேர்க்காதீர்கள். உங்களுக்கு ஆசை வந்தால் வேறு நாவல் எழுதுங்கள். தீபாவளிக்குப் பதில் சொல்வதற்காக எழுதாதீர்கள், அந்த நாவல் உருப்படாது.

தீபாவளிக்கு அவர் வந்து மறுபடி ஆரம்பித்தால், "ஆமாம் அத்தான், கல்கியை வைத்துத்தான் எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பலகாரத் தட்டை நீட்டுங்கள். போதும். கணவரைப் பற்றித்தான் நான் கேட்க வேண்டும். அவர் சிரித்ததை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தொடரில் ஒரு அத்தியாயமாவது அவர் படித்திருக்கிறாரா என்று எழுதவில்லை. நீங்கள் படிக்கக் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால், அண்ணன் வருவதற்கு முன்னால் முதல் அத்தியாயத்தை அவரிடம் கொடுங்கள். அவர் சிரித்தது வலித்தது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.