இருபது நிமிஷம்னு நெனச்சா நாப்பது ஆயிடுதா? கோர்ஸ்ல போய் சேராதீங்க

கணக்கு போட உக்காந்தா இருபது நிமிஷம்தான் ஆச்சுன்னு நெனச்சு நிமிர்ந்து பாத்தா நாப்பது நிமிஷம் போயிருக்கு, டெஸ்ட்ல டைமே பத்தல, ஆனா க்யூல நின்னா அஞ்சு நிமிஷம் அரை மணி மாதிரி இழுக்குது, மூளையில கோளாறான்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார். 'டைம் சென்ஸ்' ட்ரெயினிங்னு ஒருத்தர் பணம் கேக்குறாராம்.

கோளாறெல்லாம் இல்லங்க. நேரம் போறத கவனிக்கிறதும் மூளைக்கு ஒரு வேலைதான். கஷ்டமான கணக்கு வந்தா இருக்குற கவனத்தை எல்லாம் அதுவே புடுங்கிக்கும், நேரத்தைப் பாக்க ஆளே மிச்சம் இருக்காது. 1976ல சீட்டுக்கட்டை வச்சு இதை சோதிச்சாங்க: ஒரே அடுக்கா வைக்கிறது, சிவப்பு கருப்புன்னு ரெண்டா பிரிக்கிறது, ஆட்டின் இஸ்பேட்னு நாலா பிரிக்கிறது. பிரிக்கிற வேலை கூடக் கூட, அதே அளவு நேரம் கம்மியா தெரிஞ்சுது. க்யூல இதுக்கு நேர் எதிர், வேற வேலை இல்லாம கவனம் நேரத்தையே பாத்துட்டு நிக்குது.

இப்ப அந்த ட்ரெயினிங் ஆளுங்க. "விபத்துல எல்லாம் ஸ்லோமோஷன்ல தெரியுதுல்ல, அந்த சக்தியை எழுப்புறோம்"பாங்க. ஏமாறாதீங்க! 2007ல மூளை ஆராய்ச்சியாளர் டேவிட் ஈகிள்மன் குழு, ஆளுங்கள 31 மீட்டர் உயரத்துலேந்து வலையில விழ வச்சு பாத்துச்சு. தான் விழுந்த நேரம், மத்தவங்க விழுந்தத விட சுமார் 36% அதிகம்னு சொன்னாங்க, சரி, ஆனா கையில கட்டின கருவியில வேகமா மின்னுற நம்பரை விழும்போது அவங்களால கூடுதலா படிக்க முடியல. அதாவது பார்வை ஒண்ணும் வேகமாகல, பயத்துல ஞாபகம் அடர்த்தியா பதியுது, பின்னாடி நெனச்சுப் பாக்கும்போது நீளமா தெரியுது, அவ்ளோதான். இதை வச்சு பரீட்சையில நேரத்தை இழுக்க முடியாது.

வெளியில இருக்குற கடிகாரத்தைத்தான் நம்பணும். பரீட்சை நடத்துறவங்க அதுக்கும் வழி விடுறாங்களா? வாட்சை கழட்டி வைங்கறான், ஹால்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஒரு கடிகாரம் மாட்ட மாட்டான், அப்புறம் டைம் மேனேஜ்மென்ட் பத்தி ஒரு மணி நேரம் லெக்சர்.

வீட்டுல ஒவ்வொரு கணக்கு முடிஞ்சதும், கடிகாரம் பாக்குறதுக்கு முன்னாடி எவ்ளோ ஆச்சுன்னு ஊகிச்சு எழுதுங்க, பக்கத்துல நிஜ நேரத்தையும் எழுதுங்க. கணக்கு நடுவுல பாக்காதீங்க, அது கவனத்தை கெடுக்கும். ஒரு வாரத்துல உங்க மனசு எவ்ளோ குறைச்சு சொல்லுதுன்னு பிடிபடும். டெஸ்ட்ல எந்த கேள்வியை எத்தனை மணிக்குள்ள முடிக்கணும்னு முதல்லயே ஓரத்துல குறிச்சிடுங்க, அந்த மணி தாண்டுனா பாதியில இருந்தாலும் அடுத்ததுக்கு போயிடுங்க.