வீட்டு கராஜுக்குள் நுழைகிற மாதிரி பழைய கேம்பர் பஸ் கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் புறநகரில் வீடு வாங்கியிருக்கிறார். வாசலில் பெரிய வண்டி எதுவும் நிற்கக் கூடாது என்பது அங்கே குடியிருப்போர் சங்கத்தின் விதி. அவருக்கோ 1950-களிலிருந்து 80-கள் வரை ஓடிய ஒரு பஸ், உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து மாற்றியது, வேண்டும். அதை கராஜுக்குள் நிறுத்திக் கதவை மூட வேண்டும்.

கிடைக்கும். ஆனால் எது கிடைக்கும் என்பதை உங்கள் கராஜ் கதவுதான் முடிவு செய்யும். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் கதவு 7 அடி உயரம். புதிய வீடுகள் சிலவற்றில் 8 அடி. 7 அடிக் கதவு என்றால் ஃபோக்ஸ்வாகன் பஸ் வகையறாவைத் தவிர வேறு எதையும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மோட்டார்ஹோமுக்கென்றே கட்டிய 12 அல்லது 14 அடிக் கதவு இருந்தால் நிஜமான பழைய கோச் பஸ்ஸையே யோசிக்கலாம். நீளம் இடித்தால் அலமாரியை நகர்த்தலாம், வேலை மேசையைத் தூக்கிவிடலாம். உயரம் இடித்தால் கதவுக்கு மேலே இருக்கும் உத்தரத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். அது வீட்டின் பாரத்தைத் தாங்குகிற உத்தரம். பொறியாளர், நகராட்சி அனுமதி என்று செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும்.

முதலில் சின்ன வண்டியைப் பார்ப்போம். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-லிருந்தே ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸை வீடாக மாற்றிக் கொடுத்தது. 1967-இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டி சுமார் 14 அடி 9 அங்குல நீளம், 6 அடி 5 அங்குல உயரம். மேலே தூக்கித் திறக்கிற கூரை வைத்தது இன்னும் சில அங்குலம் கூடும். அப்போதும் 7 அடிக் கதவில் நிம்மதியாக நுழையும். அதற்கு அடுத்த தலைமுறை, 1980-லிருந்து 1991 வரை அமெரிக்காவில் வேனகன் என்ற பெயரில் விற்றது. என்னிடம் இருப்பது அதில் 1985-ஆம் வருடத்து வண்டி. தூக்கும் கூரையோடு சுமார் 6 அடி 10 அங்குலம். காகிதத்தில் இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கிறது.

அந்த இரண்டு அங்குலத்தைத் தின்ன நிறைய ஆட்கள் காத்திருக்கிறார்கள். கதவை முழுதாகத் திறந்தாலும் அதன் அடிப்பக்க ரப்பர் வாசலுக்குள் கொஞ்சம் தொங்கும். கதவைத் தூக்குகிற மோட்டாரின் மேல் எல்லையைத் திருகிச் சரிசெய்தால் இது போய்விடும். முன்னாள் உரிமையாளர் பெரிய டயர் மாட்டியிருப்பார். நாற்பது வருடத்தில் தொய்ந்த ஸ்பிரிங்கை நீங்கள் புதிதாக மாற்றினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள சிங்க்ரோ மாடல் தொழிற்சாலையிலிருந்தே உயரம் கூடுதலாகத்தான் வந்தது. கூரை மேல் சோலார் பலகை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கும் கூரைக்குப் பதில் நிலையான உயரக் கூரை போட்டதென்றால் பேச்சே இல்லை.

இவற்றையெல்லாம் விட மோசமானது டிரைவ்வே சரிவு. தெருவிலிருந்து கராஜை நோக்கிக் கீழே இறங்குகிற சரிவா என்று பாருங்கள். முன் சக்கரம் உள்ளே சமதரையில், பின் சக்கரம் வெளியே மேட்டில் என்று நிற்கும் கணத்தில் வண்டியின் நடுக்கூரை கதவுச் சட்டத்துக்கு நேர் கீழே இருக்கும், அதுவும் வழக்கத்தை விட உயர்ந்து. வேனகனின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 8 அடி. பத்தடிக்கு ஓரடி இறங்குகிற சரிவில், வண்டி பாதி நுழைந்திருக்கும்போது கூரை இரண்டு அங்குலத்துக்கும் சற்று அதிகமாக எழும்பும். கணக்கு முடிந்தது, வண்டி நுழையாது. டிரைவ்வே கராஜை நோக்கி ஏறினால் சட்டத்தில் இடிக்காது. ஆனால் மூக்கு தூக்கியபடி உள்ளே போவதால் கதவின் தண்டவாளத்தையும் மோட்டாரையும் கவனிக்க வேண்டும். மோட்டாரைச் சுவரோரம் பொருத்துகிற வகை கிடைக்கிறது, அதை மாற்றிவிட்டால் உட்கூரையில் இடம் கிடைக்கும். வாசலின் உயரம் மட்டும் அதனால் ஒரு நூல் அளவு கூட அதிகமாகாது.

இடைப்பட்ட அளவில் டொயோட்டா கோஸ்டர் இருக்கிறது. ஜப்பானில் சிற்றுந்தாக ஓடியது. பெரிய வகை ஏறத்தாழ 23 அடி நீளம், எட்டரை அடி உயரம். 25 வருடம் தாண்டிய வண்டிக்கு அமெரிக்காவின் மத்தியப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்பதால் இறக்குமதி செய்ய முடிகிறது. பதிவு செய்வது மாநிலத்துக்கு மாநிலம் வேறு, வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 10 அடிக் கதவு இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஸ்டீயரிங் வலது பக்கம், நம்மூரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது ஒரு சந்தோஷம். பயணிகள் கதவு இடது பக்கம் என்பதால் தெருவோரம் நிறுத்தினால் பிள்ளைகள் போக்குவரத்துக்குள் இறங்குவார்கள், அது சந்தோஷமில்லை. பழைய குட்டை ஸ்கூல் பஸ்ஸும் ஏறக்குறைய இதே உயரம்தான், விலையும் குறைவு. எனக்கு அதன் முகம் பிடிக்காது, அவ்வளவுதான்.

இனி பெரிய வண்டிகள். உங்கள் மனதில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒஹையோ மாநிலத்து லௌடன்வில்லில் தயாரான ஃப்ளெக்ஸிபிள் கிளிப்பர், பின்னால் ப்யூயிக்கின் எட்டு சிலிண்டர் எஞ்சின், அதற்குக் காற்று பிடிக்கக் கூரையின் பின்பகுதியில் ஒரு வாய். பார்த்தால் வாங்கத் தோன்றும். ஆனால் 9 அடிக்கு மேல் உயரம். அடுத்தது ஜெனரல் மோட்டார்ஸின் பிடி-4104. 1953-லிருந்து 1960 வரை செய்தார்கள். 35 அடி நீளம், 8 அடி அகலம், அலுமினிய உடல், பின்னால் குறுக்காக வைத்த ஆறு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் டெட்ராய்ட் டீசல். உயரம் சுமார் 10 அடி.

அந்த 'சுமார்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நண்பர் ஒருவருக்காக 4104 ஒன்றைப் பார்க்கப் போனோம். விளம்பரத்தில் 10 அடி என்று இருந்தது. கூரை மேல் இரண்டு ஏசி பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. அவை ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம். விற்றவர் பொய் சொல்லவில்லை, பழைய கையேட்டிலிருந்த எண்ணை அப்படியே போட்டிருந்தார். அதனால் நேரில் அளந்து பாருங்கள். மிக உயரமான இடத்தில் ஒரு நேரான பலகையை மட்டம் பார்த்து வைத்து, பக்கவாட்டில் நீட்டி, அதன் அடியிலிருந்து தரைக்கு டேப் பிடியுங்கள்.

4104-இல் இன்னொரு பொறியும் உண்டு. அதற்கு இரும்புப் பட்டை ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பைகள் மேல்தான் வண்டியே நிற்கிறது. நாள்கணக்கில் நின்ற வண்டியில் காற்று கசிந்து உடல் சில அங்குலம் இறங்கியிருக்கும். அந்த நிலையில் அளந்துவிட்டு வந்தால் தப்பான எண். எஞ்சினை ஓடவிட்டு, காற்று முழுதாக ஏறி, வண்டி எழுந்து நின்ற பிறகு அளக்க வேண்டும். கராஜிலிருந்து வெளியே எடுக்கும்போதும் இதே கதைதான். காற்று ஏறாமல் பிரேக் வேலை செய்யாது, காற்று ஏற எஞ்சின் ஓட வேண்டும், வீட்டோடு ஒட்டிய கராஜில் பழைய டூ-ஸ்ட்ரோக் டீசலை ஓடவிட்டால் புகை படுக்கையறை வரை போகும். அனுபவசாலிகள் காற்றுத் தொட்டியில் ஒரு வால்வு பொருத்தி, பட்டறைக் கம்ப்ரெஸரால் வெளியிலிருந்து காற்று ஏற்றிவிட்டு, எஞ்சினை இயக்கியதும் வெளியே எடுத்துவிடுகிறார்கள். தரையையும் யோசியுங்கள். கார்களுக்காகப் போட்ட கான்கிரீட் இந்த வண்டியின் எடையைத் தாங்குமா என்று கட்டியவரிடம் கேளுங்கள். 12 அடிக் கதவு, 40 அடி ஆழம் இல்லாமல் இந்த வண்டிப் பக்கம் போக வேண்டாம்.

உங்களுக்கு 7 அடிக் கதவுதான், டிரைவ்வே சமதளம் என்றால் நான் சொல்வது 1970-களின் வெஸ்ட்ஃபாலியா. வேனகனை விட உயரம் குறைவு, மனசும் நிம்மதி. துரு எங்கே என்று அடியில் படுத்துப் பாருங்கள். வாங்கியதும் முதல் வேலையாக பெட்ரோல் ஹோஸ்கள் அத்தனையையும் மாற்றுங்கள். இந்தக் காற்றில் குளிரும் எஞ்சின் வண்டிகள் எரிந்து போவதற்குப் பெரும்பாலும் வெடிப்பு விட்ட அந்த ரப்பர் குழாய்கள்தான் காரணம். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் தூங்குகிற கராஜில் இதைத் தள்ளிப்போட முடியாது. அடுப்புக்கான கேஸ் தொட்டி இருந்தால் அதைச் சோதித்து, நிறுத்தும்போதெல்லாம் வால்வை மூடுங்கள். இந்த வேலைகள் முடியும் வரை வண்டி வெளியிலேயே நிற்கட்டும். சங்கத்திலிருந்து கடிதம் வந்தால் வரட்டும், பதில் எழுதிக்கொள்ளலாம்.