ஆக்ஸியாவா, மைவியா, கஞ்சிலா: புஸ்பகோமில் எது தேறும்?

மலேசியாவின் புஸ்பகோம் வாகனச் சோதனை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பட்டறைப் பக்கத்தின் பதில்கள்

கேள்வி: ஐயா, இ-ஹெய்லிங் (ஆப் வழி வாடகைக் கார்) ஓட்ட 2019 ஆக்ஸியா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வருடா வருடம் புஸ்பகோமுக்குக் கொண்டு போக வேண்டும் என்கிறார்கள். ஆக்ஸியா, பெசா, மைவி மூன்றில் எந்தக் காடி தொந்தரவு இல்லாமல் தேறும்?
(செந்தூல் வாசகர்)

பதில்: மாடலைப் பார்க்கும் முன் மீட்டரைப் பாருங்கள். மூன்றும் பெரோடுவா என்ற ஒரே கம்பெனியின் கார்கள். மூன்றிலும் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரத்துக்கு டிரம். உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒழுங்காகப் பராமரித்தால் மூன்றுமே தேறும்.

வித்தியாசம் ஓட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்கும் வேலைக்கும் போய்வரும் கார் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடும். நாளுக்கு 200 கிலோமீட்டர், மாதம் 25 நாள் பயணி ஏற்றுகிற கார் ஆண்டுக்கு 60,000 ஓடிவிடும். மூன்று வயதானதும் ஆண்டுச் சோதனை தொடங்குகிறது. அதற்குள் அந்தக் காரில் 180,000 ஏறியிருக்கும். வயதில் சின்னதாக இருந்தாலும் அதன் ரப்பர் எல்லாம் கிழடு தட்டிப் போயிருக்கும்.

ஆக்ஸியாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது எடை குறைந்த கார், ஒரு டன்கூட இல்லை. நான்கு பெரியவர்களும் பெட்டிகளும் ஏறினால் 300 கிலோ கூடுகிறது. அந்தப் பாரத்தோடு தாமான்களின் (குடியிருப்புப் பகுதிகளின்) வேகத்தடைகளில் தினமும் ஏறி இறங்கினால் முதலில் அடிபடுவது சக்கரத்தைத் தாங்கும் பாகங்களான லோவர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், அப்சார்பர் மவுண்டிங். சோதனை நிலையத்தின் குழிக்குள் நின்று அடிப்பாகம் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவதும் இவைதான்.

வாங்கும் முன் நீங்களே பார்க்கலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். டிரைவ் ஷாஃப்டின் நுனியில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். அதன் மடிப்புகளுக்கு உள்ளே வெடிப்பு இருக்கிறதா, ரிம்மின் உட்பக்கத்தில் கறுப்பு கிரீஸ் விசிறியடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பூட் கிழிந்த உடனே மாற்றினால் செலவு பூட்டோடு முடியும். விட்டுவிட்டால் மணல் புகுந்து ஜாயிண்டையே தின்றுவிடும். திரும்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் அது ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். டயரைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் தேய்ந்திருக்கிறது. 12, 6 இடங்களில் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். காரை இறக்கிய பிறகு ஒவ்வொரு மூலையையும் உடல் பாரத்தால் அழுத்தி விடுங்கள். ஏறி, ஒருமுறை இறங்கி நின்றால் சரி. படகு போலத் தொடர்ந்து ஆடினால் அப்சார்பர் போய்விட்டது.

இவை சரியாக இருக்கும் ஆக்ஸியாவைத் தாராளமாக வாங்குங்கள். இவை போன மைவி கிடைத்தால், விலை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள்.

கேள்வி: என் மைவியில் பிரேக் மிதித்தால் நேராக, நன்றாகவே நிற்கிறது. போன மாதம்தான் புது பிரேக் பேட் போட்டேன். ஆனால் சோதனையில் பிரேக் ஃபெயில் என்று தாள் கொடுத்துவிட்டார்கள். எப்படி?
(கெப்போங் வாசகர்)

பதில்: சாலையில் நீங்கள் உணர்வது நான்கு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் பிடியை. சோதனை உருளைகள் ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகச் சுழற்றி, அது எவ்வளவு பலத்தில் பிடிக்கிறது என்று அளக்கின்றன. மொத்தப் பிடி போதுமா என்பதோடு, ஒரே அச்சில் இடதும் வலதும் சமமாகப் பிடிக்கின்றனவா என்பதும் கணக்கில் வரும். பின்சக்கரத்தில் ஒரு பக்கம் பாதிப் பலத்தில் பிடித்தாலும் காரின் பெரும்பாரம் முன்னால் சாய்வதால் உங்கள் கைக்கு அது தெரியாது.

பேட் புதிது என்கிறீர்கள், அது முன்சக்கரம். சின்னக் கார்களில் கோளாறு பெரும்பாலும் பின்னால் டிரம்முக்குள் இருக்கிறது. திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே உலர்ந்த சாம்பல் நிறத் தூள் இருந்தால் பயமில்லை, துடைத்துவிட்டால் போதும். கறுப்புப் பசை போல ஒட்டிக்கொண்டிருந்தால் பிரேக் எண்ணெய் கசிந்து தூளோடு கலந்திருக்கிறது. வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் மூடியை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும், எண்ணெய் குடித்த பிரேக் ஷூவையும் சேர்த்துத்தான். எண்ணெய் ஊறிய ஷூவை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போடும் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடேறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடியும் மேலே வரும்.

கசிவு இல்லை என்றால் அட்ஜஸ்டர். ஷூ தேயத் தேயத் தானாக நீண்டு கொடுக்க வேண்டிய அந்தச் சின்னப் பல்சக்கரம் துரு பிடித்து ஒரு பக்கம் நின்றுவிடும். கழற்றி, மரை சுத்தமாகச் சுழலும்வரை தேய்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்து டைட் பண்ணுவது இதற்கு மாற்று இல்லை. பலர் அதைத்தான் செய்கிறார்கள், அடுத்த ஆண்டும் அதே இடத்தில் ஃபெயில் ஆகிறார்கள்.

முன்னால் பார்க்க வேண்டியது, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் ஸ்லைட் பின். காய்ந்து போனால் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் தேயும். சிலிக்கான் பிரேக் கிரீஸ்தான் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துப் பின்னை இறுக்கிவிடும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நான்கு ரிம்மின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது.

பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். புதிதில் இளமஞ்சளாக இருப்பது கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்துக்கு வந்தால் காலம் தாழ்ந்துவிட்டது. டாட் 3 வகை ஒரு லிட்டர் இருந்தால் முழு காருக்கும் போதும்.

இன்னொன்று: புது பேட், புது ஷூ போட்ட மறுநாளே சோதனைக்குப் போகாதீர்கள். டிஸ்க்கோடு முகம் பொருந்தாத பேட் அரைகுறையாகத்தான் பிடிக்கும். வண்டி இல்லாத நேரான சாலையில் மணிக்கு 60-லிருந்து 20 வரை நிதானமாக மிதித்துக் குறையுங்கள். நடுவில் ஆறவிட்டுப் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். அதன்பின் ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் போங்கள்.

கேள்வி: இரவில் வெளிச்சம் போதவில்லை என்று மகன் ஹெட்லைட்டில் எல்இடி பல்ப் மாட்டிக் கொடுத்தான். இதனால் ஃபெயில் ஆகுமா?
(பாயான் லெப்பாஸ் வாசகி, பினாங்கு)

பதில்: ஆகும் அம்மா. ஆகவும் வேண்டும். உங்கள் காரின் ஹெட்லைட் எச்4 ஹாலஜன் பல்புக்காக வடித்த கிண்ணம். பல்புக்குள் கம்பி எந்தப் புள்ளியில் எரிகிறதோ அதற்கேற்பக் கண்ணாடி வளைக்கப்பட்டிருக்கிறது. எல்இடி சில்லு அதே புள்ளியில் உட்காராது. வெளிச்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் அது சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும். மகனிடம் சொல்லிப் பழைய 60/55 வாட் பல்பையே போடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்.

வெளிச்சம் குறைந்ததற்குக் காரணம் பல்ப் இல்லாமலும் இருக்கலாம். வெயிலில் நின்ற காரின் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகிப் பாலாடை படிந்த மாதிரி ஆகியிருந்தால் பாலிஷ் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

விளக்கின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் நடுப்புள்ளி உயரத்திலிருந்து சுமார் 5 செண்டிமீட்டர் கீழே விழ வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்த விளிம்பு இடப்புறம் மட்டும் சற்று மேலே ஏறும். வலப்புறம் ஏறினால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த விளக்கு வந்து மாட்டியிருக்கிறது. கார் பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) கனமான சாமான் இருந்தால் பின்பக்கம் தாழ்ந்து விளக்கு மேலே நோக்கும். அளக்கும்போதும் சோதனைக்குப் போகும்போதும் பூட் காலியாக இருக்கட்டும்.

கேள்வி: டிண்டட் கடையில் 'இது 50 ஃபிலிம், முன்கதவுக்குச் சட்டப்படி சரி' என்று சொல்லி ஒட்டினார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தபோது 50-க்கும் கீழே காட்டுகிறது. மீட்டர் தவறா?
(செராஸ் வாசகர்)

பதில்: மீட்டர் தவறில்லை, கணக்குதான் தவறு. 2019 மே 8 முதல் நடப்பில் உள்ள விதிப்படி முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடும், முன்கதவுக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடும் வெளிச்சம் விட வேண்டும். பின்கதவுகளுக்கும் பின்கண்ணாடிக்கும் அளவு இல்லை. ஆனால் இந்த 50 ஃபிலிமுக்கு மட்டும் உரியது இல்லை, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த அளவு. வெறுங்கண்ணாடியே 80 விழுக்காடுதான் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 50 ஃபிலிம் ஒட்டினால் 80-இல் பாதி, 40 தான் மிஞ்சும். 70 ஃபிலிம் ஒட்டியிருந்தால் 56 வந்து தேறியிருக்கும். ஒட்டும் முன்பே உங்கள் கண்ணாடிமேல் ஃபிலிம் துண்டை வைத்து மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: மாமாவின் பழைய 850 கஞ்சிலை என் பெயருக்கு மாற்றப் போகிறோம். பெயர் மாற்றத்துக்கு முன் என்ன சரி செய்ய வேண்டும்?
(ஜிஞ்சாங் வாசகர்)

பதில்: பெயர் மாற்றச் சோதனையில் முதல் வேலை, கார் கெரானில் (பதிவுச் சான்றிதழில்) எழுதியுள்ள அதே கார்தானா என்று பார்ப்பது. சேஸிஸ் எண், இன்ஜின் எண், நிறம் மூன்றும் கெரானோடு பொருந்த வேண்டும்.

கஞ்சில் உற்பத்தி 2009-இலேயே நின்றுவிட்டது. இன்று ஓடுகிற பலவற்றில் இன்ஜின் ஒருமுறையாவது மாறியிருக்கும். மாமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் மாற்றியதை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் ஏற்றவில்லை என்றால் பெயர் மாற்றத்தை நிறுத்தி வைத்து, அதற்கான அனுமதியையும் சோதனையையும் முதலில் முடியுங்கள்.

எண்மேல் துரு ஏறியிருந்தால் வயர் பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் எதையும் கொண்டு போகாதீர்கள். சுற்றிலும் உலோகம் பளபளத்தால், எண்ணைச் சுரண்டி மாற்றியதாகச் சந்தேகம் வந்து விவகாரம் பெரிதாகும். துணியில் மண்ணெண்ணெய் நனைத்து எண்மேல் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் எழுத்தின் போக்கிலேயே மெதுவாகத் தேயுங்கள். எண் தெளிந்ததும் மெல்லிய எண்ணெய் ஒரு கோட், அவ்வளவுதான். பெயிண்ட் அடிக்காதீர்கள்.

பிறகு கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பாருங்கள், கதவுக்குக் கீழுள்ள விளிம்பையும் தட்டிப் பாருங்கள். டங் என்று வந்தால் இரும்பு, பொத் என்று வந்தால் ஓட்டையை அடைத்த புட்டிப் பசை. ஓட்டையைப் புட்டியால் மூடித் தார் பூசியிருந்தால் அதை வெட்டி எடுத்து இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் முறை. அந்தத் தகடுதான் விபத்தில் உங்கள் காலைக் காக்கப் போவது.

கார்புரேட்டர் உள்ள கார் என்றால் ஏர் ஃபில்டர், பிளக் மாற்றி, சோக் (காற்றை மட்டுப்படுத்தும் மூடி) முழுதும் திறக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடான பிறகும் சோக் பாதி மூடியிருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுந்து புகைச் சோதனையில் மாட்டும்.

கேள்வி: சோதனைக்கு முந்தின நாள் இன்ஜினைக் கழுவினால் எண்ணெய்க் கசிவு தெரியாது என்று ஃபோர்மேன் சொல்கிறார். செய்யலாமா?
(ஸ்தாப்பாக் வாசகர்)

பதில்: மூன்று நாளுக்கு முன்னால் கழுவுங்கள். மறைக்க அல்ல, கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க. கழுவி, மூன்று நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால் புது எண்ணெய் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரியும். மேல்மூடியின் கேஸ்கெட்டாக இருந்தால் சின்ன வேலை. கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டினால் ஆயில் சீல், அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

கேள்வி: சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருக்கும் விவாவுக்கும் ஆண்டுச் சோதனை உண்டா?
(பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி)

பதில்: இல்லை. தனியார் காருக்கு ரோட் டாக்ஸும் காப்புறுதியும் புதுப்பித்தால் போதும். சட்டம் கேட்காததால் யாரும் அடியில் எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் எங்கள் கவலை. ஆண்டுக்கு ஒருமுறை காப்புறுதி புதுப்பிக்கும் வாரத்தில் பட்டறையில் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாளைக் காலை சோதனை. இன்றிரவு என்னென்ன பார்க்கலாம்?
(அம்பாங் வாசகர்)

பதில்: ஒருவரை உள்ளே உட்கார வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நில்லுங்கள். மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கைத்தான் எல்லாரும் மறப்பார்கள். நம்பர் பிளேட் விளக்கு அணைந்திருந்தால் டி10 பல்ப் ஒன்று, சில வெள்ளிதான். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். டயர்ப் பள்ளம் எந்த இடத்திலும் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. உட்புற விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், அலைன்மெண்ட் போன கார் அங்கேதான் தேயும். ஓட்டுநர் கதவின் ஓரத்திலுள்ள அளவுப்படி நான்கிலும் காற்று பிடியுங்கள். காற்று குறைந்தால் சைட் ஸ்லிப் (சக்கரம் பக்கவாட்டில் நழுவும்) அளவும் மாறும்.

காலையில் இருபது நிமிடமாவது ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யும்.

கடைசியாகப் பின்சீட். சீட் கவர் போட்ட கார்களில் பெல்ட்டின் பக்கிள்கள் கவருக்குள் புதைந்து கிடக்கும். பின்சீட்டிலும் பெல்ட் கட்டுவது 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். கவரை விலக்கி, எல்லாப் பக்கிளையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் பெல்ட்டை மாட்டிப் பலமாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள்.