நாயக்கர் மகாலா, செட்டா?

கேள்வி: 'பம்பாய்' படத்தில் 'கண்ணாளனே' பாட்டு திருமலை நாயக்கர் மகாலில் எடுத்தது என்கிறேன் நான். அவ்வளவு பெரிய தூண் மதுரையில் ஏது, அது செட் என்கிறார் என் கணவர். போதாக்குறைக்கு மகாலில் கோர்ட்டு நடந்தது என்று என் மாமனார் வேறு சொல்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, சிவகாசி

பதில்: நீங்களும் மாமனாரும் சொல்வதுதான் சரி. உங்கள் கணவரை ஒருதரம் மதுரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், கை எட்டாது.

ஆனால் திரையில் நீங்கள் பார்த்ததும் முழு அரண்மனை இல்லை. 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று நிற்பது ஏறக்குறைய கால்வாசிதான், அதில் முக்கியமானது ராஜா கொலுவிருந்த மண்டபமான சொர்க்கவிலாசம். மிச்சத்தை அழித்தது வெள்ளைக்காரன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கர்தான். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்க்க முடிந்ததையெல்லாம் பெயர்த்து, அங்கே தனக்கு அரண்மனை கட்டக் கொண்டுபோய்விட்டார். மகால் முன்பு எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று பார்க்க ஆசையிருந்தால் விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்துக்குப் போங்கள், ஜவுளிக்கடைகளுக்கு நடுவே, சரக்கு மூட்டைகளுக்குப் பின்னால், அந்தப் பத்துத் தூணும் இன்னும் நிற்கின்றன.

அப்புறம் இருநூறு வருஷம் கேட்பாரில்லை. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுதான் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அங்கே கோர்ட்டும் நடந்தது, 1970 வரை. ராஜா கொலு வீற்றிருந்த இடத்தில் வக்கீல்களும் வாய்தாவுக்கு வந்தவர்களும்! கேட்க ஒரு மாதிரி இருக்கலாம், ஆனால் தினம் ஆள் புழங்கிய கட்டடம் என்பதால்தான் அது தப்பித்தது என்பது என் கட்சி. சும்மா பூட்டிப் போட்டிருந்தால் கல்லும் செங்கல்லுமாக யார் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். கோர்ட்டு காலி செய்த மறுவருஷம், 1971-இல், மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்புக்கு வந்தது.

சினிமாக்காரர்களுக்கு இதில் என்ன மோகம் என்றால், மேலே திறந்த பெரிய முற்றமும் அதைச் சுற்றி ஓடும் வளைவுகளும்தான். கேமராவை எங்கே வைத்தாலும் பின்னால் தூண் வரிசை கிடைக்கும், பகல் வெளிச்சம் தானாக உள்ளே விழும். இந்த வளைவுகளும் உள்ளே இருக்கும் குவிமாடமும் இரும்பு உத்தரமோ மரச்சட்டமோ இல்லாமல், செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் நம்பி நிற்பவை. அதனால் ஷூட்டிங் என்று வந்து ஆணி அடிப்பவர்களைப் பார்த்தாலும், தூணில் காதலி பெயரைக் கீறிவைக்கும் நம்மூர் பையன்களைப் பார்த்தாலும் எனக்கு ஒரே எரிச்சல்தான்.

சாயங்காலம் ஒலி-ஒளிக் காட்சி உண்டு, பந்தயத்தில் தோற்றவர் டிக்கெட் எடுக்கட்டும்.