லெட்வில் போன்ற மலை ஊரில் முதல் இரவே தலைவலிப்பது ஏன்?

இது உயர நோய்: உடல் பழகுவதற்குள் உயரத்துக்குப் போய்விடுவதால் வரும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள லெட்வில் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. தண்ணீர் கூடிய சாம்பாரை அதே கரண்டியால் அள்ளினாலும் பருப்பு குறைவாக வருமே, அதுபோல ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைகிறது.

முதலில் 1,600 மீட்டரில் உள்ள டென்வரில் இரண்டு இரவு தங்குங்கள். லெட்வில் சேர்ந்த அன்று மது, மலையேற்றம் இரண்டும் வேண்டாம். தலைவலி பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தொடங்கும்; மதியம் தெம்பாக இருந்ததை நம்பி அலையாதீர்கள். படுத்திருந்தும் மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.

தினமும் ஓடுகிறவர்களுக்கு இது வராது என்பது தவறு. உடற்தகுதி இதைத் தடுப்பதில்லை.