த்ரில்லர் படத்தில் நடிகர் அணிந்ததாக விற்கப்படும் சட்டை அசல்தானா என்று எப்படிக் கண்டறிவது?

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் கதை நடக்கும், 1980களின் இறுதியில் வெளிவந்த த்ரில்லர் படம் ஒன்றின் கட்டம் போட்ட சட்டை ஏலத்துக்கு வந்திருப்பதாகவும், அதனுடன் ஒரு சான்றிதழ் மட்டுமே தரப்படுவதாகவும், அதை நம்பி வாங்கலாமா, வாங்கினால் அதிலுள்ள ரத்தக் கறையைத் துவைத்து எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வகைப் படங்களின் உடைகளையே நானும் சேகரித்து வருகிறேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சான்றிதழை முதலில் ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையைப் பாருங்கள்.

பழைய ஹாலிவுட் படங்களின் உடைகளைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவை பெரும்பாலும் அந்தந்தப் படத்துக்காகவே தைக்கப்பட்டவை. 1912 முதல் இயங்கிவரும் வெஸ்டர்ன் காஸ்ட்யூம் நிறுவனம் போன்றவை உடையின் உட்புறத்தில் தம் பெயர்ச்சீட்டை வைத்துத் தைத்து, அதில் நடிகரின் பெயரையும் குறித்து வைத்தன. புறநகர் த்ரில்லரில் அந்த வசதி இல்லை. அங்கே வருபவர்கள் குடும்பத் தலைவர், பள்ளி மாணவன், நம்ப முடியாத பக்கத்து வீட்டுக்காரர். இவர்கள் உடுத்துவதெல்லாம் எவரும் கடையில் வாங்கக்கூடிய சட்டையும் ஜீன்ஸும்தான். ஆடை வடிவமைப்பாளர் ஒரே சட்டையில் பல பிரதிகளை வாங்கி, ஒன்றை நடிகரின் நெருக்கக் காட்சிகளுக்கும், உள்ளே பஞ்சுக் காப்பு அணிய இடம் வேண்டும் என்பதால் பெரிய அளவிலான ஒன்றை டூப் கலைஞருக்கும், மற்றவற்றைக் கிழிசலும் ரத்தமும் படிப்படியாகக் கூடும் காட்சிகளுக்கும் ஒதுக்குவார். அதே ஆண்டில் அதே கடையில் விற்ற இன்னொரு சட்டை பழைய துணி விற்பவரிடம் சில டாலருக்குக் கிடைக்கும் நிலையில், அதோடு ஒரு சான்றிதழை அச்சிட்டுச் சேர்ப்பது எவ்வளவு எளிது என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் நற்பேறு, அது கட்டம் போட்ட சட்டையாக இருப்பது. ஆலையில் துணியைப் பல அடுக்காக விரித்து ஒரே நேரத்தில் வெட்டும்போது, சட்டைப் பை எந்தக் கட்டத்தின் மேல் விழும், பட்டன் பட்டியில் இரு பக்கக் கோடுகளும் எங்கே சந்திக்கும், காலரின் முனையில் எந்த நிறம் முடியும் என்பவை சட்டைக்குச் சட்டை மாறும். என்னிடமுள்ள ஒரு சட்டையில் இடப் பக்கப் பையின் மேல்விளிம்பு ஒரு சிவப்புக் கோட்டைப் பாதியாக வெட்டிச் செல்கிறது. இரண்டாம் பட்டனுக்கு நேரே மஞ்சள் இழை ஒன்று பட்டியின் ஓரத்தில் நூலளவு மட்டுமே எட்டிப் பார்க்கிறது. கதாநாயகன் ஜன்னலருகே நிற்கும் காட்சியை நிறுத்திப் பார்த்தபோது இரண்டும் அப்படியே இருந்தன. இப்படி ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களாவது பொருந்தினால்தான் நான் அதை ஏற்பேன். விலை உயர்ந்த சட்டைகளில் பையின் கட்டங்களை உடலின் கட்டங்களோடு பொருத்தித் தைத்திருப்பார்கள் என்பதால், அவற்றில் தோள்பட்டையையும் கைகளையும் பார்க்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு இணைய ஒளிபரப்பு போதாது. அதில் நுண்கோடுகள் கரைந்துவிடும். ப்ளூரே வட்டு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நிறத்தை நம்பவே வேண்டாம், ஏனெனில் நிறத் திருத்தம் செய்த பிரதியில் நீலம் பச்சையாகத் தெரியக்கூடும். கண்ணாடியில் தெரியும் காட்சியாக இருந்தால் இடமும் வலமும் மாறியிருக்கும். பட்டன் எந்தப் பக்கம் என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். கோடோ அச்சோ இல்லாத ஒற்றை நிற டி-ஷர்ட்டுகளை இம்முறையில் உறுதிப்படுத்த இயலாது என்பதால், அவற்றுக்குத் திரையில் அணிந்த உடைக்குரிய விலையை நான் கொடுப்பதில்லை.

அசல் என்று நிறுவுவதைவிட, அசல் அல்ல என்று கண்டுகொள்வது சில நேரம் விரைவாக முடியும். அமெரிக்காவில் துவைக்கும் முறையைத் துணியிலேயே குறிப்பிட வேண்டும் என்ற விதி 1972இல் நடைமுறைக்கு வந்தது. சொற்களுக்குப் பதிலாகக் குறியீடுகளை மட்டும் அச்சிடுவதற்கு 1997இல்தான் அனுமதி கிடைத்தது. ஆகவே அமெரிக்கச் சந்தைக்கான உங்கள் சட்டையின் சீட்டில் வெறும் குறியீடுகள் மட்டும் இருந்தால், அந்தச் சட்டை படத்தைவிட வயதில் இளையது. ஆர்என் என்று தொடங்கும் எண் இருந்தால், அது எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்பதை அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் தரவுத்தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். காலரின் உட்புறத்தில் பேனாவால் எழுதிய கதாபாத்திரப் பெயரும், காட்சி எண் குறித்த அட்டையும் துணைச் சான்றுகள் மட்டுமே. பேனா எல்லோரிடமும் இருக்கிறது.

ஏல அறிவிப்பில் 'ஸ்கிரீன் மேட்ச்டு', அதாவது திரைக் காட்சியோடு ஒப்பிட்டு உறுதிசெய்தது, என்று இருந்தால், ஒப்பிட்ட படங்களைக் கேட்டு வாங்குங்கள். 'புரொடக்‌ஷன் மேட்' என்றால் படத்துக்காக உருவாக்கப்பட்டது என்று மட்டுமே பொருள். அது கேமராவுக்கு முன் வராமலே போயிருக்கலாம். ஏலத்தில் நீங்கள் கேட்கும் தொகைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணம் 25 விழுக்காட்டையும் எட்டக்கூடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். டூப் கலைஞர் அணிந்த பிரதியைப் பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். முதுகில் அவரைத் தாங்கும் கயிறு நுழைய விட்ட பிளவும், போலி ரத்தம் வரும் குழாயைப் பிடித்து நிறுத்த உள்ளே போட்ட கைத்தையலும் கடைச் சட்டையில் இருக்க வாய்ப்பில்லை.

துவைக்கும் எண்ணத்தை மட்டும் கைவிடுங்கள். திரை ரத்தம் பெரும்பாலும் சோளப் பாகில் சாயம் கலந்தது; தண்ணீர் பட்டால் கறையின் வடிவம் சிதறிவிடும். அந்த வடிவமும் கட்டங்களைப் போலவே ஒப்பிடத்தக்க சான்றுதான். பாகு ஈரத்தை இழுக்கும், பூச்சியையும் அழைக்கும் என்பதால், அமிலம் நீக்கிய தாளைக் கறைக்கு மேலும் கீழும் வைத்து, மடிப்புகளுக்குள்ளும் அதே தாளைச் சுருட்டி வைத்து, அமிலம் நீக்கிய அட்டைப் பெட்டியில் இருட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் நிரந்தரமாக வைக்காதீர்கள். பூச்சி இருக்கும் என்று தோன்றினால், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைத்து, வெளியே எடுத்த பின் அறை வெப்பத்துக்கு முழுமையாக வந்த பிறகே பையைப் பிரியுங்கள். இல்லாவிட்டால் துணியின் மேல் நீர் படிந்து சாயம் ஓடிவிடும்.